சேறு எங்கே கிளம்புகிறது?

மழை விட்ட தெருவில் நடைவேகத்தில் மிதித்துப் போகிறவரின் முதுகில் சேறு தெறிப்பதில்லை. தடித்த டயர் போட்ட சைக்கிளுக்கு அந்த எல்லை மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். அதற்குக் கீழே, சக்கரத்தின் உச்சிக்கு வந்து சேரும் நீரை டயரின் மேலேயே இருத்திவைக்கப் புவியீர்ப்பு போதும். அதைத் தாண்டினால் போதாது. 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு துளியை டயரோடு சேர்த்து வட்டமாகச் சுற்றவைக்க, அதன் எடையைப் போல எட்டரை மடங்கு விசை வேண்டும். நீரின் பரப்பு இழுவிசைக்கு அவ்வளவு பலம் கிடையாது. பெரிய துளிகள்தான் முதலில் கழலும். துளியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் அதைப் பிடித்திருக்கும் விசையும் இரண்டு மடங்குதான் ஆகிறது. எடையோ எட்டு மடங்காகிவிடுகிறது.

கழன்ற துளி எங்கே போகிறது? மட்கார்டைப் பற்றிய எல்லா முடிவுகளும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘நாலு இன்ச் டயருக்கு எவ்வளவு அகலமான மட்கார்டு வேண்டும்?’ என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் அதை இரண்டாவதாகக் கேட்க வேண்டும். மட்கார்டு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதே முதல் கேள்வி.

சைக்கிளின் வலப்பக்கம், அதாவது செயின் இருக்கும் பக்கம் நின்றுகொண்டு சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துப் பாருங்கள். சைக்கிள் முன்னே போகும்போது சக்கரம் கடிகார முள்ளின் திசையிலேயே சுற்றும். 6 மணியில் டயர் தரையைத் தொட்டு நீரை அள்ளுகிறது. 9 மணி என்பது சக்கரத்தின் பின்முனை, 12 உச்சி, 3 முன்முனை. ஓட்டுகிறவரின் பார்வையில் டயரின் ஒவ்வொரு புள்ளியும் சைக்கிளின் அதே வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே எங்கே கழன்றாலும் துளி அந்த வேகத்தோடு, அந்த இடத்தின் தொடுகோட்டுத் திசையில் கிளம்பும். 7 மணியில் கிளம்புவது பின்னோக்கிச் சற்றே ஏறும். 9 மணியில் கிளம்புவது செங்குத்தாக மேலே போகும். 10 மணியில் கிளம்புவது மேலேயும் முன்னேயும் சாய்ந்து எழும். 12 மணியில் கிளம்புவது நேராக முன்னே பாயும்.

பின்சக்கரத்தில் முதுகைத் தாக்குவது 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையே கிளம்பும் நீர். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 10 மணி முனையிலிருந்து கிளம்பும் துளி தரையிலிருந்து சுமார் 85 செ.மீ. வரை எழும், சீட்டின் உயரத்தை எட்டாது. 15 கிலோமீட்டரில் 1.2 மீட்டர், அதாவது நடுமுதுகு. 20 கிலோமீட்டரில் 1.7 மீட்டர், பிடரியும் தப்பாது. வேகம் இரண்டு மடங்கானால் துளி ஏறும் உயரம் நான்கு மடங்காகும். மெதுவாக ஓட்டுகிறவர் மட்கார்டே வேண்டாம் என்று சொல்வதும், அவசரமாக அலுவலகம் போகிறவர் அதைப் பற்றியே புலம்புவதும் இதனால்தான்.

முன்சக்கரத்தின் கதை வேறு. அதன் 10, 11 மணிப் பகுதியிலிருந்து எழும் துளிகள் நமக்கு முன்னால் பறந்து போகின்றன. முன்னே போனது எப்படி முகத்தில் வந்து விழுகிறது என்று வியப்பாக இருக்கும். காற்றுதான் காரணம். 20 கிலோமீட்டரில் போகும் சைக்கிளின் சக்கரத்து உச்சி, நின்றுகொண்டிருக்கும் காற்றை 40 கிலோமீட்டர் வேகத்தில் கிழிக்கிறது. 1 மி.மீ. குறுக்களவுள்ள துளி அந்தக் காற்றில் சுமார் 0.15 நொடிக்குள் பாதி வேகத்தை இழந்துவிடும். அந்தக் கணத்தில் அது நம்மைவிட வேகமாகப் போகவில்லை, நமக்குச் சமமாகப் போகிறது. அடுத்த கணம் நாம் அதற்குள் புகுந்துவிடுகிறோம். கண்ணில் விழும் சேற்றுப்பொட்டு எல்லாம் இப்படிப் பின்தங்கிப் போன சிறு துளிகள்தான்.

இவை எல்லாச் சைக்கிளுக்கும் பொதுவான விதிகள். தடித்த டயர் இந்த விதிகளை மாற்றுவதில்லை. அள்ளும் நீரின் அளவை மாற்றுகிறது. ஒல்லி டயரில் 90 பி.எஸ்.ஐ. காற்று என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 6.3 கிலோ. பின்சக்கரத்தின் மேல் 57 கிலோ இறங்கினால், தரையோடு ஒட்டும் பரப்பு சுமார் 9 சதுர செ.மீ. தடித்த டயரை 8 பி.எஸ்.ஐ.யில் ஓட்டுவது சாதாரணம். அப்போது அதே 57 கிலோவைத் தாங்க 100 சதுர செ.மீ. தரை தேவைப்படுகிறது. அத்தனை பரப்பிலும் கட்டைகட்டையாக நிற்கும் ரப்பர், நடுவே ஆழமான பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளமும் நீரையும் மண்ணையும் மேலே கொண்டுபோகிறது.

அப்படியிருந்தும் இந்த வகைச் சைக்கிள்கள் பெரும்பாலும் மட்கார்டு இல்லாமலே கடைக்கு வருகின்றன. அவை பிறந்த இடங்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். அலாஸ்காவில் 1987இல் ‘இடிடாபைக்’ என்ற பனிப்பாதைப் பந்தயம் தொடங்கியது. பனியில் புதையாமல் ஓட்ட அகலமான சக்கரம் தேடியவர்களுக்காக ஃபேர்பேங்ஸ் ஊரின் சைமன் ரக்கோவர் 44 மி.மீ. அகலத்தில் ‘ஸ்னோகேட்’ ரிம்மைச் செய்தார். தெற்கே நியூ மெக்சிகோவில் ரே மொலினா மணல்மேடுகளில் ஓட்டுவதற்காக 82 மி.மீ. ரிம்களைச் செய்வித்தார். இரண்டையும் பார்த்து வளர்ந்த யோசனை, 2005இல் அமெரிக்காவின் சர்லி நிறுவனம் வெளியிட்ட ‘பக்ஸ்லி’ சைக்கிளாகப் பெரிய அளவில் சந்தைக்கு வந்தது: 65 மி.மீ. ரிம், 3.7 அங்குல டயர். உறைகுளிரில் பனி உலர்ந்த தூள். பாலை மணலும் அப்படியே. இரண்டும் டயரில் ஒட்டி மேலே வருவதில்லை. பிறந்த ஊரில் வேலை இல்லாத பொருளை வடிவமைப்பாளர்கள் சேர்க்காமல் விட்டதில் தவறில்லை. அதே சைக்கிள் வடகிழக்குப் பருவமழையில் சென்னைத் தெருவுக்கு வந்தபோது யாரும் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை என்பதுதான் என் குறை.

இனி முதல் கேள்விக்கு வருவோம். முன் மட்கார்டு எவ்வளவு கீழே இறங்க வேண்டும்? இதற்கு ஒரு நூலும் இன்னொரு ஆளும் போதும். சைக்கிளில் உட்கார்ந்து பெடலை முன்னால் கிடைமட்டமாக வையுங்கள். ஷூவின் நுனியில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை முன்டயரின் அடிப்பகுதியை உரசும்படி இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். அரை மீட்டர் தூரத்தில் புவியீர்ப்பு துளியைச் சில செ.மீ. மட்டுமே இறக்கும். ஆகவே அந்த நூல்தான் ஏறக்குறையக் காலுக்கு வரும் நீரின் பாதை. மட்கார்டின் கீழ் விளிம்பு அந்த நூலைத் தொடும்வரை இறங்கினால் கால் நுனி தப்பும்.

4 அங்குல டயரின் விட்டம் சுமார் 74 செ.மீ., முன் அச்சுக்கும் பெடல் அச்சுக்கும் இடைவெளி 78 செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், அந்தத் துளி தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில், 7 மணியைச் சற்றே தாண்டிய இடத்தில் கிளம்புகிறது. மட்கார்டு அவ்வளவு கீழே வர வேண்டியதில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி இருந்தால், விளிம்பு தரையிலிருந்து 17 செ.மீ.யில் நின்றாலே அந்தப் பாதையை அடைத்துவிடும். துளி மேலேறி வந்து அங்கே மோதும். இடைவெளி கூடினால் பாதுகாப்பு குறையும் என்பது பலரின் நம்பிக்கை. விளிம்பு அந்த நூல்கோட்டில் இருக்கும்வரை அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. சேற்றில் ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் அவர்களுக்கு இடைவெளி அவசியம்.

பெடல் அச்சையும் செயின் ஓடும் பல்சக்கரத்தையும் காப்பாற்ற வேண்டுமானால் விளிம்பு சுமார் 9 செ.மீ. வரை இறங்க வேண்டும். அவ்வளவு தாழ்வாகக் கெட்டித் தகடு வைத்தால் கல்லிலும் படியிலும் இடித்து உடையும். அங்கேதான் ரப்பர் வருகிறது. நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிள்களின் முன் மட்கார்டில் தொங்கிய அந்த ரப்பர் துண்டை அலங்காரம் என்று நினைத்தவர்கள் உண்டு. காலையும் செயினையும் காத்ததில் பெரும்பங்கு அதற்குத்தான். தேய்ந்த லாரி டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி, இரண்டு போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளலாம். இடித்தால் வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிரும். பெடல் அடியில் இருக்கும்போது அந்தக் காலைக் காக்க விளிம்பு 4 செ.மீ.க்கும் கீழே போக வேண்டியிருக்கும். அது நடவாத காரியம். மழையில் பாதம் ஓரளவு நனையும் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

முன்பக்க முனை 12 மணியைத் தாண்டி, ஃபோர்க்கின் முன்னால் கொஞ்சம் நீண்டிருந்தால் முகத்துக்கு வரும் நீர் நின்றுவிடும். அதற்குமேல் நீட்டுவதில் பயனில்லை. 1 மணிக்குப் பிறகு துளி கீழ்நோக்கித்தான் கிளம்புகிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கடையில் தொங்கும் வகைகளைப் பார்க்கலாம். ஃபோர்க்கின் கழுத்தில் கேபிள் டை போட்டுக் கட்டும் சிறு பிளாஸ்டிக் தகடு, 11 மணிப் பக்கத்தை மூடும். கண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதல், காலுக்கு ஒன்றுமில்லை. ஃப்ரேமின் கீழ்க்குழாயில் மாட்டும் தகடு, ஹேண்டில்பார் நேராக இருக்கும்வரை வேலை செய்யும். திருப்பும்போது சக்கரம் திரும்புகிறது, தகடு திரும்புவதில்லை. சீட்டுக் கம்பியில் மாட்டிப் பின்னால் நாக்குபோல நீட்டிக்கொண்டிருப்பது முதுகைக் காக்கும், அதில் ஐயமில்லை. ஃப்ரேமையும் பின்னால் வருகிறவரையும் காக்காது. தவிரவும் அது ஒற்றைமுனையில் தாங்கி நிற்கும் தகடு. அப்படி நிற்கும் தகட்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், தன் எடையாலேயே அது தொங்கும் அளவு பதினாறு மடங்காகிறது. தடித்த டயர் குறைந்த காற்றில் பந்துபோல் துள்ளும் தன்மையுடையது. அந்தத் துள்ளலில் நீண்ட நாக்கு ஆடி, பக்கவாட்டில் திரும்பி, சில நேரம் டயரிலேயே உரசும்.

கம்பிகளால் இருபுறமும் தாங்கப்பட்டு, சக்கரத்தை நெருங்கிச் சூழ்ந்துவரும் முழு மட்கார்டுதான் என் தேர்வு. மாட்டுவது சிரமம், எடை கூடுதல். ஆனால் அது சேற்றைக் கிளம்பும் இடத்திலேயே மறிக்கிறது. மற்றவை எல்லாம் சேறு வந்து விழும் இடத்தில் தட்டு ஏந்துபவை.

அகலத்துக்கு இப்போது வருவோம். டயரில் 4.0 என்று எழுதியிருந்தால் 101.6 மி.மீ. என்று பொருள், அகலமான ரிம்மில் ஏற்றும்போதும் குறுகியதில் ஏற்றும்போதும் இது சில மி.மீ. மாறும். எழுதியிருப்பதை நம்பாமல், காற்றடித்த டயரின் ஓரக்கட்டைகளுக்கு வெளியே அளந்துகொள்ளுங்கள். துளிகள் பெரும்பாலும் சக்கரத்தின் தளத்திலேயே பறக்கின்றன, பக்கவாட்டில் அதிகம் விலகுவதில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கமும் 10 முதல் 15 மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும்: 4 அங்குல டயருக்கு 120 முதல் 130 மி.மீ., 4.8 அங்குலத்துக்கு 140 மி.மீ.க்குச் சற்று மேல். குறுக்குவெட்டில் வளைவாக இருக்கும் மட்கார்டைத் தேர்ந்தெடுங்கள். தட்டையான தகட்டைவிட வளைந்த தகடு பல மடங்கு விறைப்பானது. ஓரங்கள் நீரை வழியவிடாமல் வழிநடத்தவும் செய்யும்.

வாங்கக் கிடைக்காத இடத்தில் செய்துகொள்ளவும் முடியும். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் குழல்குழலாக உள்ள பிளாஸ்டிக் ஷீட் எடை குறைந்தது, கத்தியால் வெட்டலாம். நீளவாக்கில் குழல்கள் ஓடும்படி வெட்டி, இரு ஓரங்களிலும் ஒரு குழலை மட்டும் மேல்பக்கமாகக் கீறி மடித்தால், தட்டையான ஷீட் கால்வாய் வடிவம் பெற்று விறைத்து நிற்கும்.

மாட்டும்போது பின்சக்கரத்தில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தடித்த டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே பல சைக்கிள்களில் ஒரு விரல் இடம்கூட இருக்காது. செயின் டயரை ஒட்டியே ஓடும். முதல் பக்ஸ்லியில் செயின் டயரில் உரசாமலிருக்க, பின்சக்கரத்தின் ரிம்மை ஹப்பின் நடுவிலிருந்து 17.5 மி.மீ. தள்ளியே அமைத்தார்கள் என்றால் இடநெருக்கடி புரியும். டயரைவிட அகலமான மட்கார்டை அந்த இடுக்கில் கொண்டுபோக வழியில்லை. செயினைக் கடைசிப் பெரிய பல்சக்கரத்தில் போட்டு, கையால் பெடலைச் சுற்றிப் பார்த்து, உரசும் இடத்தில் மட்கார்டின் ஓரத்தை வெட்டிவிடுங்கள். வலப்பக்கம் வெட்டிய அளவு இடப்பக்கமும் வெட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஸ்பிரிங் ஃபோர்க் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 2014இல் ராக்‌ஷாக்ஸ் ‘புளூட்டோ’ வந்தபிறகு தடித்த டயர்களுக்கும் இத்தகைய ஃபோர்க்குகள் பரவின. மட்கார்டை ஃபோர்க்கின் மேல்கழுத்தில் மாட்டினால், பள்ளத்தில் சக்கரம் மேலே வரும், மட்கார்டு வராது. ஃபோர்க் 100 மி.மீ. அமுங்குமானால் அதற்குமேல் இடைவெளி விட்டாக வேண்டும்; அவ்வளவு உயரத்தில் தொங்குவது காலைக் காக்காது. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீழ்க்கால்களில் மட்டும் மாட்டுங்கள்.

இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கக் கூடாது என்பதை நான் மிக முக்கியமாகச் சொல்வேன். டயரில் குத்திக்கொண்ட சுள்ளியோ கல்லோ மட்கார்டுக்குள் நுழைவது பின்பக்கக் கீழ்விளிம்பு வழியாக, வெளியேறுவது முன்பக்கம். நுழையும் இடம் குறுகலாகவும், போகப்போக அகலமாகவும் இருந்தால் உள்ளே வந்தது வெளியே போய்விடும். நேர்மாறாக அமைத்தால் சுள்ளி உள்ளே இறுகி, மட்கார்டு மடங்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கியெறியப்படுவார். கீழே 20 மி.மீ. என்றால் முன்முனையில் 30 மி.மீ. வைக்கலாம். ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். நிறுவனம் முன் மட்கார்டின் கம்பி முனையில் ‘செக்யூகிளிப்’ என்ற பிளாஸ்டிக் பிடியை வைக்கிறது. சுள்ளி சிக்கி மட்கார்டு இழுக்கப்பட்டால், அந்தப் பிடி தானாகக் கழன்று கம்பியை விடுவித்துவிடும். எந்த நிறுவனத்தின் பொருளானாலும் முன்சக்கரத்தில் இப்படிக் கழலும் பிடி இல்லாவிட்டால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவு பார்ப்பதற்கு முன் நீங்கள் வழக்கமாக அடிப்பதில் அதிகபட்சக் காற்றை டயரில் ஏற்றிவையுங்கள். கம்பிகளை எம்5 போல்ட்டில் மாட்டும்போது வாஷரும் நைலாக் நட்டும் போட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் கழன்றுபோகும். கடற்கரை மணலில் ஓட்டுகிறவர்கள் அலுமினிய ஃப்ரேமின் மரைக்குள் இரும்பு போல்ட்டை உலர்ந்தபடி முறுக்கக் கூடாது. உப்புநீரில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து மின்கலம்போல் செயல்பட்டு அலுமினியம் அரிக்கும். ஒருநாள் போல்ட்டைக் கழற்ற முடியாமல் போகும். கொஞ்சம் கிரீஸ் தடவினால் இது நேராது.

ஒரே ஓர் இடத்தில் மட்கார்டைக் கழற்றிவைக்கச் சொல்வேன்: மழைக்காலக் கரிசல். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் நீரை உறிஞ்சி உப்பும் களிமண் நிறைய உண்டு. ஈரமானால் அது தெறிக்காது, பசைபோல் ஒட்டிச் சுற்றுக்குச் சுற்று தடிக்கும். 30 மி.மீ. இடைவெளியும் சிறிது தூரத்தில் அடைத்துக்கொள்ளும். அதன்பின் சக்கரம் சுற்றாது. அந்த நிலத்து மண்சாலையில் ஓட்டுகிறவர்கள் கருவியில்லாமல் கழற்றக்கூடிய பிடிகளுள்ள மட்கார்டை வாங்குவது நல்லது.

புதிதாகத் தடித்த டயர் சைக்கிள் வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிறத்தையும் கியர் எண்ணிக்கையையும் பார்க்கும் முன், ஃபோர்க்கின் கீழ்முனையிலும் பின் அச்சருகிலும் எம்5 மரைத் துளைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால்தான் தயாரிப்பாளர்கள் துளையிடுவார்கள். முன், பின் இரண்டுக்கும் சேர்த்து வாங்கப் பணம் போதாவிட்டால் முன்சக்கரத்துக்கு முதலில் வாங்குங்கள். முகம், கால், செயின், பெடல் அச்சு நான்கையும் அது ஒன்றே காக்கும்.